செவ்வாய்க்கிழமைச் சொதி

விருந்துச் சமையல், அன்றாடச் சமையல் என்று நம் அடுக்களைகளில் இரண்டு சமையல்கள் உண்டு. திருவிழாவும் திருமணமும் வந்துவிட்டால் பரணிலிருக்கும் பெரிய பாத்திரங்கள் இறங்குகின்றன. நெய்யும் முந்திரியும் தேங்காய்ப்பாலும் தாராளமாகப் புழங்குகின்றன. மற்ற நாட்களிலோ இருப்பதைக் கொண்டு, இயன்றதைச் செய்து, பசியை ஆற்றிக்கொள்கிறோம். இப்பிரிவினை இயல்பானதே; இல்லாமை நமக்குக் கற்றுத்தந்தது. ஆயினும், அன்றாடத்திற்குச் செழுமை ஆகாது என்று நாமே ஒரு விதியை வகுத்துக்கொண்டோமோ என்னும் ஐயம் அண்மைக்காலமாக நமக்குள் எழுந்து வருகிறது. அந்த ஐயத்தை எழுப்பியது ஓர் எளிய உணவு. இடியாப்பமும் சொதியும்.

சொதி என்றதும் திருநெல்வேலிக்காரருக்குக் கல்யாண வீடு நினைவுக்கு வரும். மணவிழா முடிந்த மறுநாள், மாப்பிள்ளை வீட்டாருக்குப் பெண் வீட்டார் படைக்கும் விருந்தில் அதுவே தலைமை உணவு. மாப்பிள்ளைச் சொதி என்றே அதற்குப் பெயர். பாசிப்பருப்பும் காய்கறிகளும் இஞ்சியும் பச்சை மிளகாயும் தேங்காய்ப்பாலில் வெந்து, எலுமிச்சைச் சாற்றுடன் சோற்றின்மேல் இறங்கும். அதே சொல்லை யாழ்ப்பாணத்தாரிடம் சொல்லிப் பாருங்கள். அவருக்குக் கல்யாணம் நினைவுக்கு வராது. தம் வீட்டுக் காலையோ மாலையோ நினைவுக்கு வரும். வெங்காயம், பச்சை மிளகாய், மஞ்சள், வெந்தயம், சில வேளை ஒரு மீன்தலை, மேலே தேங்காய்ப்பால். இடியாப்பத்துக்கு அது அன்றாடத் துணை. ஒரே பெயர், ஒரே பால். ஓரிடத்தில் அது விருந்து, மற்றோரிடத்தில் வாரநாள்.

இவ்விரண்டு வழக்கங்களுக்கும் இடையில் கிடக்கிறது நம் இராமேசுவரம் கரை. பாம்பன் இரயில் பாலம் திறக்கப்பட்ட 1914ஆம் ஆண்டு முதல், தனுஷ்கோடியில் இரயிலை விட்டிறங்கித் தலைமன்னாருக்குக் கப்பலேறியவர்கள் எத்தனை ஆயிரம்! 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதன்பின் இராமேசுவரத்திலிருந்து சென்ற கப்பலும் இலங்கைப் போர்க்காலத்தில் நின்றுபோயிற்று. ஆனால் மனிதர்கள் வருவது நிற்கவில்லை. 1983க்குப் பின் அகதிகளாக வந்து மண்டபம் முகாமில் தங்கிய ஈழத் தமிழர் தம்முடன் கொண்டுவர முடிந்தவை சிலவே. அவற்றுள் கைப்பக்குவமும் ஒன்று. சற்று மேற்கே கீழக்கரையில் முஸ்லிம் இல்லங்களில் குழம்பை ஆணம் என்பார்கள். அங்கும் இடியாப்பத்துக்குத் தேங்காய்ப்பால் அந்நியமன்று. தேங்காய்ப்பாலையும் கருப்பட்டியையும் மணிக்கணக்கில் கிண்டி இறக்கும் தொதலும் அவ்வூரின் புகழ்பெற்ற பண்டமே.

இத்தனை சிறப்புகளுக்கு நடுவில் வாழ்ந்தும், நம் பங்கின் மீனவ இல்லங்களில் தேங்காய்ப்பால் அரிதாகவே பிழியப்படுகிறது. புளியும் மிளகாயும் சேர்ந்த மீன்குழம்பே நாளும் பொழுதும். பால் பிழிந்தால், "யாருக்கு உடம்பு சரியில்லை?" என்றோ, "யார் வந்திருக்கிறார்கள்?" என்றோ அண்டை வீட்டார் கேட்பார்கள். நோயாளிக்கும் விருந்தாளிக்கும் மட்டுமே உரியது அது என்பது எழுதப்படாத சட்டம்.

இங்கே வாரநாள் என்பதன் பொருளையும் சொல்லிவிட வேண்டும். நகரத்தார்க்கு ஞாயிறு ஓய்வு; திங்கள் முதல் வேலை. இத்தீவில் நாட்காட்டியைக் கடல் எழுதுகிறது. விசைப்படகுகளுக்கு வாரத்தில் மூன்று நாட்களும், நாட்டுப்படகுகளுக்கு மற்ற நான்கு நாட்களும் என்று தொழில்நாட்கள் பிரிக்கப்பட்டிருக்கின்றன. விசைப்படகுகள் திங்கள், புதன், சனி ஆகிய நாட்களில் கடலுக்குள் இறங்கி மறுநாள் கரைதிரும்பும். ஆகவே செவ்வாய் மாலையில் படகோட்டியின் வீடு ஒருவிதமான அமைதியில் இருக்கும். ஆண்கள் உறங்கி எழுந்திருப்பார்கள். மீன் விலையாகி, கணக்குப் பார்க்கப்பட்டிருக்கும். மறுநாள் மீண்டும் கடல். இரண்டு கடல்நாட்களுக்கு இடையில் ஒரு மாலை. பெருநாளன்று, ஆனால் எல்லாரும் வீட்டில் இருக்கும் நாள்.

அத்தகைய ஒரு செவ்வாய் மாலையில் நம்மை இரவு உணவுக்கு அழைத்தது ஒரு குடும்பம். கப்பல் ஒன்றின் சமையற்கூடத்தில் பணிபுரியும் மகன் விடுமுறையில் வந்திருந்தான். "சாமி, இன்னைக்கு நான்தான் சமைக்கிறேன், பாஸ்தா" என்றான். இராமநாதபுரத்துக் கடையிலிருந்து பாஸ்தாவும் வெண்ணெயும் பாலாடைக் கட்டியும் பெட்டியில் அடைத்த பாலேடும் வாங்கி வந்திருந்தான். இறாலுக்குக் கடைக்குப் போக வேண்டியதில்லை. அது காலையிலேயே வீட்டுக்கு வந்துவிட்டது.

அவன் செய்த முறையை அருகிருந்து கவனித்தோம். அகன்ற பாத்திரத்தில் நிறையத் தண்ணீர் கொதித்தது. உப்பைத் தயங்காமல் அள்ளிப் போட்டான். நாடா போன்ற பாஸ்தா அதில் வேகும் நேரத்தில், மற்றோர் அடுப்பில் வெண்ணெயில் பூண்டை வாசனை வருமளவு மட்டும் வதக்கி, இறாலைச் சேர்த்து இரண்டு மூன்று நிமிடங்களில் எடுத்துத் தனியே வைத்தான். அதே சட்டியில் பாலேட்டை ஊற்றித் தீயைத் தணித்தான். வெந்த பாஸ்தாவை வடிப்பதற்குமுன், அந்த நீரில் ஒரு குவளை முகந்து வைத்துக்கொண்டான். எல்லாவற்றையும் ஒன்றுசேர்த்து, சட்டியை அடுப்பிலிருந்து இறக்கியபின் துருவிய பாலாடைக் கட்டியைத் தூவி, முகந்து வைத்த நீரைச் சிறிது சிறிதாகவிட்டுப் புரட்டினான். சில நொடிகளில் எல்லாம் பளபளத்து, ஒன்றையொன்று தழுவிக்கொண்டன. "இத்தாலிக்காரர் இறாலோடு சீஸ் சேர்க்க மாட்டார்கள், சாமி. நம் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பிடிக்குமே என்று போட்டேன்" என்றான். முழுவதற்கும் அரைமணி நேரம்கூட ஆகவில்லை.

அவனுடைய அப்பத்தா தனுஷ்கோடியில் பிறந்தவர், புயலின்போது சிறுமி. ஒரு வாய் உண்டார், மென்றார், பேரனை நிமிர்ந்து பார்த்தார். "ஏன்யா, இது நம்ம இடியாப்பமும் சொதியும்தானே? தேங்காய்க்குப் பதிலா மாட்டுப்பாலு, அரிசிக்குப் பதிலா கோதுமை. இதுக்கா கப்பலேறிப் போன?" எல்லாரும் சிரித்தோம். ஆனால் அந்தச் சொல்லில் உண்மை இருந்தது.

அந்த உண்மையைச் சற்று விரித்துப் பார்ப்போம். கெட்டிக் கோதுமையின் ரவையில் பசைத்தன்மை உள்ள புரதம் உண்டு. ஆதலால் பச்சைத் தண்ணீரில் பிசைந்தாலும் மாவு இழையாக நீளும். அரிசியில் அப்புரதம் இல்லை. அதற்காகவே நம் பெண்கள் கொதிக்கும் நீரை ஊற்றிப் பிசைகிறார்கள்; சூட்டில் மாவுச்சத்து வெந்து பசையாகி, இழையைப் பிடித்து நிறுத்துகிறது. பாலேடும் தேங்காய்ப்பாலும் ஒரே இயல்பின. இரண்டுமே நீரில் நுண்துளிகளாக மிதக்கும் கொழுப்பு. தீ மிகுந்தால் அத்துளிகளைக் காக்கும் புரதம் கெட்டு, எண்ணெய் வேறு நீர் வேறாகப் பிரிந்துவிடும். அதைத் திரிந்துபோயிற்று என்கிறோம். பாஸ்தா வெந்த நீரிலுள்ள மாவுச்சத்து கொழுப்பைப் பிரியவிடாமல் பிடித்துக்கொள்ளும். நெல்லைச் சொதியில் கரையும் பாசிப்பருப்பும் அந்த வேலையில் துணைநிற்கிறது. இருவேறு நாட்டு அடுக்களைகள் ஒரே பாடத்தைத் தனித்தனியே கற்றிருக்கின்றன. செழுமையான பொருளுக்குப் பெருந்தீ ஆகாது. பொறுமையே வேண்டும் என்பதே அப்பாடம்.

உலகெங்கும் செல்வர் உணவாகப் பெயரெடுத்த பாஸ்தா ஒன்று உண்டு. அல்பிரேதோ என்பது அதன் பெயர். உரோமை நகரில் உணவகம் நடத்திய அல்பிரேதோ தி லேலியோ என்பவர், 1908இல் மகப்பேற்றுக்குப் பின் உணவு செல்லாமல் தளர்ந்திருந்த தம் மனைவிக்காக, வெண்ணெயும் பாலாடைக் கட்டியும் மிகுதியாகச் சேர்த்து நாடாப் பாஸ்தாவைச் செய்து கொடுத்தார் என்பது அதன் பிறப்புக் கதை. 1927இல் அமெரிக்கத் திரைக்கலைஞர்களான மேரி பிக்ஃபோர்டும் டக்ளஸ் ஃபேர்பாங்ஸும் அவருக்குப் பொன்னாலான முள்கரண்டியும் கரண்டியும் பரிசளித்த பிறகு அவ்வுணவு பெரும்புகழ் பெற்றது. பாலேடு சேர்க்கும் வழக்கம் பின்னர் அமெரிக்காவில் பரவியது. பொற்கரண்டி நமக்கு முக்கியமன்று. அந்த உணவு அரண்மனையில் பிறக்கவில்லை. பிள்ளை பெற்றுத் தளர்ந்த ஒரு பெண்ணுக்காக அவள் கணவன் அடுப்பின்முன் நின்றபோது பிறந்தது. அதுவே நாம் நினைவில் கொள்ளத்தக்கது.

நம் முன்னோரும் இச்சுவையை அறியாதவர் அல்லர். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், அப்பம் விற்கும் கூவியர் கரிய அகலில் சுட்ட, இழைகள் சூழ்ந்த வட்டமான அப்பம் பாலில் கிடக்கும் காட்சி உவமையாக வருகிறது. தெருவில் விற்கப்பட்ட பண்டம் அது, மன்னர்க்கென்று ஒதுக்கப்பட்டதன்று. இழையும் பாலும் சேர்ந்த இன்பம் சாதாரண மனிதரின் சாதாரண நாளுக்கு உரியதாக இருந்த காலம் ஒன்று இருந்தது என்று கொள்ளலாம் அல்லவா?

இங்கே ஒரு மறுப்பு எழக்கூடும். அதுவும் நம்மிடையே எழுவது பொருத்தமே. இம்மண்ணுக்கு நற்செய்தி கொண்டுவந்தவர்கள் நாவை அடக்கியவர்கள் அல்லவா? உரோமையில் பிறந்த இராபர்ட் தெ நொபிலி 1606இல் மதுரைக்கு வந்து, தம் நாட்டு உணவைத் துறந்து, நாளுக்கு ஒருவேளை சோறும் பாலும் கீரையும் உண்டு வாழ்ந்தார். லிஸ்பனில் பிறந்த அருளானந்தர் புலால் நீத்த துறவியாக மறவர் நாட்டில் உழைத்து, 1693 பிப்ரவரி 4இல் நம் மாவட்டத்து ஓரியூரில் தலை கொடுத்தார். அவர்கள் வழியில் வந்தோர் வாரநாளில் பால்சொதி தேடலாமா?

தேடலாம் என்றே சொல்வோம். துறவு, தன் இலையில் குறைத்துக்கொள்வது. பிறர் இலையில் குறைப்பதன்று. தவக்காலத்தில் நாம் மனமுவந்து விடுவது நோன்பு. ஆனால் ஆண்டு முழுவதும் வீட்டிலிருப்பவர்க்கு, "இன்றைக்கு எதற்கு? விருந்தினர் வரும்போது பார்த்துக்கொள்ளலாம்" என்று நல்லதை எல்லாம் ஒதுக்கிவைப்பது நோன்பாகாது. அந்நியர்க்கு அன்பின் முதற்பாலைக் கொடுத்து, நம்மவர்க்கு மூன்றாம் பாலை ஊற்றுவதாகும் அது.

நம் பங்கில் ஒரு தாய் இருக்கிறார். அவருடைய கணவர் கடலுக்குச் சென்றவர் எல்லை தாண்டியதாகப் பிடிக்கப்பட்டு, அக்கரையில் சிறையிலிருந்தார். வாய்தாவுக்குமேல் வாய்தா. அந்த மாதங்களில் அவ்வீட்டு அடுப்பு எரிந்தது. ஆனால் சமையல் நடந்தது என்று சொல்ல இயலாது. கஞ்சி, துவையல், சில நாள் கருவாடு. காலையில் அவர் மற்றப் பெண்களுடன் கடற்பாசி எடுக்கப் போவார். விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, மூச்சடக்கி மூழ்கிப் பாறைகளிலிருந்து பாசி பறிக்கும் வேலை அது. உப்புநீரில் மணிக்கணக்கில் ஊறிய உடல் மாலையில் அடுப்பைத் தேடாது, பாயைத் தேடும். பிள்ளைகள் இருவரும் எதையும் கேட்பதில்லை. ஒருமுறை இளையவள் இடியாப்பம் கேட்டபோது, "அப்பா வரட்டும்மா, செய்வோம்" என்றாராம். அதன்பின் அவளும் கேட்கவில்லை.

பாஸ்தா செய்த வீட்டின் அப்பத்தா இதனை அறிந்தவர். ஒரு செவ்வாய்க்கிழமை அத்தாயின் வீட்டுக்குத் தேங்காய் ஒன்றும் கொஞ்சம் இறாலும் கொண்டு போனார். "அவன் வரும்போது வரட்டும். பிள்ளைகள் வளருறது அவன் வர்ற வரைக்கும் நிக்குமா?" என்று கேட்டாராம். அன்று பதினான்கு வயது மகன் உரலைப் பிழிந்தான். இளையவள் தேங்காய் துருவினாள். அப்பத்தா சட்டியைப் பார்த்துக்கொண்டார். தாய் உட்கார்ந்து, பிள்ளைகளோடு சேர்ந்து, சூட்டோடு உண்டார். பின்னர் நம்மிடம் அவர் சொன்னது ஒன்றுதான். "சாமி, இத்தனை வருசத்துல நான் இடியாப்பத்தைச் சூடா சாப்பிட்டது அன்னைக்குத்தான்."

இந்தச் சொல்லை நாம் எளிதில் கடந்துபோக இயலவில்லை. இடியாப்பம் என்பது எத்தகைய உணவு? ஈடு ஈடாக வேகும். வெந்ததும் உண்டால் பூப்போல் இருக்கும், ஆறினால் இறுகும். ஆதலால் பரிமாறுகிறவர் அடுப்பை விட்டு நகர முடிவதில்லை. நால்வர் உண்ணும் செழுமைக்கு ஒருவர் நின்றுகொண்டே இருக்கிறார். கடைசி ஈட்டின் ஆறிய இடியாப்பமும் சட்டியின் அடியில் தங்கிய சொதியும் அவர் பங்கு. வாரநாளில் எளிய உணவோடு நிறுத்திக்கொள்ளும் பெண்கள் பலர் செழுமையை வெறுப்பதில்லை; அச்செழுமையின் சுமை முழுவதும் தம் தோளில் விழும் என்பதை அறிந்திருக்கிறார்கள். நம் அடுக்களைகளில் உண்மையான பற்றாக்குறை தேங்காயிலா, கைகளிலா?

எனவே முறையைச் சொல்லும்போது கைகளையும் சேர்த்தே சொல்கிறோம். நால்வருள்ள வீட்டுக்கு இரண்டு குவளை வறுத்த அரிசிமாவும் ஒரு நல்ல தேங்காயும் போதும். உரல் பிழிவதற்கு வலு வேண்டும். அது வீட்டிலுள்ள ஆண்மக்களுக்கு ஏற்ற வேலை. ஒருவர் தேங்காயைத் துருவி, அரைக் குவளை வெந்நீர் விட்டு அரைத்து முதற்பாலைப் பிழிந்து தனியே வைக்கட்டும். அதே துருவலில் இரண்டு குவளை நீர் விட்டு இரண்டாம் பாலையும் எடுக்கட்டும். மாவில் உப்பிட்டு, கொதிக்கும் நீரைக் கொஞ்சங்கொஞ்சமாக ஊற்றி, முதலில் அகப்பைக் காம்பால் கிளறி, கை பொறுக்கும் சூட்டில் பிசைந்து, உரலிலிட்டுத் தட்டுகளில் பிழிந்து, ஆவியில் எட்டுப் பத்து நிமிடங்கள் வைத்தால் ஓர் ஈடு ஆயிற்று.

அதே நேரத்தில் மற்றோர் அடுப்பில் இரண்டாம் பாலில் நறுக்கிய சின்ன வெங்காயம் பத்து, கீறிய பச்சை மிளகாய் ஐந்தாறு, அரைத் தேக்கரண்டி வெந்தயம், ஒரு சிட்டிகை மஞ்சள், கறிவேப்பிலை, உப்பு ஆகியவற்றை இட்டு வெங்காயம் குழையும்வரை வேகவிடலாம். இறாலோ மீனோ இருந்தால் அதன்பின் சேர்க்க வேண்டும். இறாலுக்கு மூன்று நான்கு நிமிடங்களே போதும், மிஞ்சினால் இறுகிவிடும். பின்பு தீயைத் தணித்து முதற்பாலை ஊற்றிக் கிளறிக்கொண்டே இருந்து, ஓரத்தில் நுரை கூடும்போது இறக்கிவிட வேண்டும். கொதிக்கவிடலாகாது, மூடியும் வைக்கலாகாது. எலுமிச்சைச் சாறு இறக்கியபின்தான். இரண்டு பேர் கைகொடுத்தால் முக்கால் மணி நேரத்தில் இலை போட்டுவிடலாம். ஒருவரே செய்தால் ஒன்றரை மணி நேரம். அதற்குமேல் ஒரு முதுகுவலி.

இன்னொரு விதியையும் சேர்த்துக்கொள்ள விரும்புகிறோம். சமையல் நூல்களில் அது காணப்படுவதில்லை. முதல் ஈட்டின் முதல் தட்டு, பிசைந்த கைக்கு உரியது. அவர் உட்கார்ந்து உண்ணட்டும். அடுத்த ஈட்டை வேறொருவர் பார்த்துக்கொள்ளட்டும். தந்தையோ மகனோ அடுப்பின்முன் நிற்பது மதிப்புக் குறைவு என்று எண்ணுவோர், ஒரு கணவனின் கைப்பக்குவம் உலகையே சுற்றி வந்ததை எண்ணிப் பார்ப்பார்களாக.

அக்கரையிலிருந்த அந்த மீனவர் பின்னர் வீடு திரும்பினார். திரும்பிய வாரத்திலேயே அவ்வீட்டில் மீண்டும் பால் பிழிந்தார்கள், அது விருந்துதான். ஆனால் அவர் இல்லாதபோது ஒரு வாரநாளில் பிழிந்த பால், அந்த விருந்துக்கு எவ்விதத்திலும் குறைந்ததன்று என்றே நாம் கருதுகிறோம். வரப்போகும் நல்ல நாளுக்காக இன்றைய நாளைப் பட்டினி போட வேண்டுவதில்லை. கடலை நம்பி வாழ்பவர்கள் இதனைப் பிறரைவிட நன்கு அறிவார்கள். எந்த மாலையில் எல்லாரும் வீட்டில் இருப்பார்கள் என்று முன்கூட்டி எவராலும் உறுதி சொல்ல இயலாது.

ஆகவே, அன்பு வாசகரே, உங்கள் இல்லத்தில் எல்லாரும் ஒன்றுகூடும் மாலை எது என்று பாருங்கள். அது செவ்வாயாக இருக்கலாம், வியாழனாகவும் இருக்கலாம். அன்று யாருக்கும் காய்ச்சல் இருக்க வேண்டுவதில்லை; யாரும் விருந்துக்கு வர வேண்டுவதுமில்லை. ஒரு தேங்காயை உடையுங்கள். "யார் வந்திருக்கிறார்கள்?" என்று அண்டை வீட்டார் கேட்டால், "வீட்டில்தான் எல்லாரும் இருக்கிறோம்" என்று சொல்லுங்கள். அதைவிடப் பெரிய காரணம் வேறு தேவையில்லை.